உடைஞ்சி பொறந்தது

டப்பாவை வாங்கிக் காதோரம் வைத்து இரண்டு தரம் ஆட்டினாள் ஆயா. உள்ளே கலகலவென்று சத்தம்.

"ஒடஞ்சிகீதுடா. கடைக்காரன் உன் தலையில கட்டிட்டான். பில்லு கீதா? போய் மாத்திக்கினு வா."

2010 நவராத்திரிக்கு முந்தின வாரம். மயிலாப்பூர் வடக்கு மாட வீதி நடைபாதையில், நீலத் தார்ப்பாய்க்குக் கீழே, வைக்கோலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் தசாவதாரம், பக்கத்தில் கல்யாண செட்டு, பின்னால் சாக்கைப் பிரிக்காத பண்ருட்டிச் சரக்கு. வியாபாரத்தை மாமா பார்த்துக்கொள்ள ஆரம்பித்துப் பல வருஷம் ஆகியும், அந்தப் பத்துப் பதினைந்து நாள் மட்டும் வீட்டில் இருக்க அவளுக்கு மனசு வராது. முழங்கால் இரண்டும் மடங்காது. ஒரு தடவை உட்கார்ந்தால் ராத்திரி யாராவது தூக்கிவிடும்வரை அதே இடம்தான்.

பொம்மை வியாபாரத்தில் கலகலத்தால் ஒரே அர்த்தம். சுட்ட மண் பொம்மைக்கு உள்ளே கூடு. எங்கேயாவது ஒரு சில்லு பெயர்ந்து உள்ளே விழுந்தால், வெளியே கீறல் தெரியாவிட்டாலும் ஆட்டினால் காட்டிக்கொடுத்துவிடும். கொசப்பேட்டையில் பொம்மை செய்கிற வீட்டில் பிறந்து, மயிலாப்பூரில் வாழ்க்கைப்பட்டவள் அவள். லாரியில் வந்த சரக்கை அந்தக் காதை வைத்தே எடுத்தும் தள்ளியும் வந்தவள். அவளிடம் போய் "இது அப்படித்தான் இருக்கும் ஆயா, நாமதான் சேர்க்கணும்" என்றேன்.

"நாமளா? அப்ப அவன் எதுக்குக் காசு வாங்கினான்?"

இதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

டப்பா, அக்கா மகனுக்கு. ஏழு வயசு அவனுக்கு. அப்போது அந்த வயசுப் பையன்கள் அத்தனை பேருக்கும் பென் டென் பைத்தியம். ஒரு பையன், கையில் ஆம்னிட்ரிக்ஸ் என்று ஒரு கடிகாரம், அதைத் தட்டினால் விதவிதமான வேற்றுக்கிரக உருவமாக மாறிவிடுவான். அடையாறில் அக்கா வீட்டு மாடிப்படியில் எந்தப் பையனைப் பார்த்தாலும் மணிக்கட்டைத் தட்டிக்கொண்டிருப்பான். அந்த வருஷம் லெகோ கம்பெனி அந்தக் கதையிலிருந்து ஆறு உருவங்களைப் பிரித்துச் சேர்க்கிற பொம்மைகளாக விட்டிருந்தது. தி. நகர் பாண்டி பஜாரில், நடைபாதைக் கடைகளைத் தாண்டி (2013-ல் அவர்களை வளாகத்துக்குள் ஏற்றும்வரை அங்கே நடக்கவே பக்கவாட்டில்தான் நடக்கணும்) ஒரு பொம்மைக் கடைக்குள் நுழைந்து, அக்கா மகன் போனில் எழுத்துக் கூட்டிச் சொன்ன பெயரைக் கேட்டேன். ஸ்வாம்ப்ஃபயர். கடைப் பையன் என்னைவிடச் சரியாக உச்சரித்தான்.

12பி பஸ்ஸில் உட்கார்ந்து விலையைத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தேன். கெட்ட பழக்கம், கணக்குப் பிள்ளை வேலையில் வந்தது. இருபதை ஒட்டிய துண்டுகள்தான். துண்டு ஒன்றுக்கு லஸ்ஸில் ஒரு மசால் தோசை சாப்பிடலாம் என்று வந்தது. வயிற்றைக் கலக்கியது. லெகோ என்றால் நூற்றுக்கணக்கில் கற்கள் கொட்டும் என்று நினைத்திருந்தேன். டென்மார்க்கில் பில்லுண்ட் என்கிற ஊரில் ஒரு தச்சர் 1932-ல் மரப் பொம்மை செய்யத் தொடங்கி, அவர் மகன் காலத்தில், 1958-ல், மேலே குமிழும் கீழே குழாயுமாக ஒன்றை ஒன்று கவ்வும் கல்லுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். ஆனால் இந்தப் பொம்மையில் அந்தக் கல் ஏறக்குறைய இல்லை. 2001-ல் வந்த பயோனிக்கிள் என்ற வரிசையில் அவர்கள் பயன்படுத்திய வேறொரு வித்தை இது: ஒரு துண்டின் முனையில் உருண்டை, இன்னொன்றில் கிண்ணம். அழுத்தினால் 'க்ளக்' என்று ஏறிக்கொள்ளும், எந்தப் பக்கமும் திரும்பும், நிறுத்தின இடத்தில் நிற்கும். நம் தோள்பட்டை மாதிரி.

ஆயாவுக்கு அந்த 'க்ளக்' பிடிபட நேரமாயிற்று. அவள் தொழிலில் இணைப்பு என்றால் வேறு.

மண் பொம்மைக்கு அச்சு இரண்டு பாதி. முன் பாதியில் மண்ணை அப்பி, பின் பாதியில் அப்பி, இரண்டையும் சேர்த்து அழுத்துவார்கள். எடுத்ததும் பக்கவாட்டில் ஒரு கோடு பிதுங்கி நிற்கும். அதை ஈரத் துணியால் வழித்து, விரலால் தேய்த்து, இருந்த இடம் தெரியாமல் பண்ணுவதுதான் முதல் வேலை. நிழலில் காயவைத்து, சூளையில் சுட்டு, வெள்ளை அடித்து, வண்ணம் தீட்டி, கடைசியில் கண் திறப்பார்கள். அடியில் ஒரு ஓட்டை இருக்கும், சுடும்போது ஆவி போக. ஒரு பொம்மையை ஆயா வாங்குகிற விதம் எனக்கு மனப்பாடம். ஆட்டுவாள். முதுகில் விரல் முட்டியால் தட்டுவாள். கணீரென்றால் வெந்தது, பொத்தென்றால் வேகாதது. தரையில் வைப்பாள், அதுவும் மேடு பள்ளமான நடைபாதைத் தரையில், ஆடினால் வேண்டாம். பிறகு பக்கவாட்டைத் தடவுவாள். கடைசியில்தான் முகத்தைப் பார்ப்பாள். வாங்க வருகிறவர்கள் முகத்தை முதலில் பார்ப்பார்கள். "அதான் அவுங்க ஏமாறுறாங்க" என்பாள், அவளே அவர்களுக்கு விற்றுக்கொண்டு.

"ஜாயிண்டு தெரியக் கூடாதுடா. தெரிஞ்சா அது மண்ணு. தெரியாட்டி சாமி."

இதை அவள் முதல்முதலில் எனக்குச் சொன்னபோது எனக்குப் பதினொரு வயசு. கையில் ஒரு செத்த சிப்பாய் வைத்திருந்தேன்.

சென்னையின் எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியும் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-ல் கோவாவில் ஃபன்ஸ்கூல் தொழிற்சாலையைத் தொடங்கின. ஜி.ஐ. ஜோ சிப்பாய்கள் நம் கடைகளுக்கு வந்தது அந்த வழியில்தான். விரல் நீளம்தான் இருப்பான், முழங்கை மடங்கும், முழங்கால் மடங்கும், இடுப்பு திரும்பும். எங்கள் வீட்டில் அதெல்லாம் வாங்குகிற வழக்கம் இல்லை. பொம்மை விற்கிற வீட்டில் பொம்மை வாங்குவார்களா? லஸ் பக்கம் ஒரு ஃப்ளாட்டில் இருந்த பள்ளித் தோழன் ஒருவன் தன் சிப்பாயைத் துணிகாயும் கயிற்றில் கட்டி மின்விசிறியில் சுற்றவிட்டதில் சிப்பாய் இடுப்பிலிருந்து இரண்டாகப் போனான். குப்பைக்குப் போக இருந்தவனை நான் வாங்கி வந்தேன்.

அவன் முதுகில் ஒரு திருகாணி இருந்தது. வீட்டில் இருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரால் அதைக் கழற்றினேன். அந்த நிமிஷத்தை என்னால் இன்னும் தொட்டுப் பார்க்க முடியும். மார்பு முன் பாதி, பின் பாதி என்று இரண்டாகத் திறந்தது. அச்சு அசல் ஆயாவின் அச்சுதான். ஆனால் உள்ளே வெறும் கூடு இல்லை. கைகள் தனியாக, தலை தனியாக, கால்களைச் சேர்க்கும் ஒரு கொக்கி, கொக்கியையும் மார்பையும் இழுத்துப் பிடித்திருந்த ஒரு கறுப்பு ரப்பர் வளையம். அதுதான் அறுந்திருந்தது. ஒரு ஆள் நிற்பதும் குனிவதும் காலணா வளையத்தில் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்துக்குக் காரணம் சொல்ல மாட்டேன்.

கச்சேரி ரோட்டில் ஒரு பங்க்சர் கடையில் பழைய சைக்கிள் டியூபிலிருந்து மெல்லிசாக ஒரு வளையம் அறுத்து வாங்கி, இரண்டு மடிப்பாகப் போட்டுத் திருகாணியை முடுக்கினேன். நின்றான். கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்து, சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் நிற்கிறவன் மாதிரி நின்றான். ஆயாவிடம் ஓடிக் காட்டினேன். வாங்கிப் பக்கவாட்டைத் தடவினாள். "ஜாயிண்டு தெரியுது" என்று திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதான் மதிப்புரை.

ஹாஸ்ப்ரோ 1964-ல் முதல் ஜி.ஐ. ஜோவை விட்டபோது, பையன்கள் 'டால்' வாங்கமாட்டார்கள் என்று பயந்து, 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று புதுப் பெயர் கட்டினார்கள். தமிழில் இந்தத் தொல்லை இல்லை. அனுமாரும் பொம்மை, செட்டியாரும் பொம்மை, சிப்பாயும் பொம்மை. ஆனால் கொலு வைக்கிற வீட்டில் வேறொரு பிரிவு உண்டு: முழுசு, மூளி. விரல் போன கிருஷ்ணன் படியேற மாட்டான். நவராத்திரிக்கு முன்னால் அப்படிப்பட்ட மூளிகள் துணியில் சுற்றி ஆயாவிடம் வரும். எம்-சீலைக் கையில் பிசைந்து, விரலோ மூக்கோ வைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, வண்ணம் தொட்டுக் கொடுப்பாள். பழையபடி முழுசு.

தார்ப்பாய்க்கு வருவோம். அக்கா மகன் பள்ளிக்கூடச் சீருடையோடு அங்கேயே உட்கார்ந்து டப்பாவைப் பிரித்தான். வைக்கோல் மேல் துண்டுகள் கொட்டின. ஆயா ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். மண்ணெண்ணெய் வாடை இல்லை. விளிம்பை நகத்தால் கீறினாள். பிசிறு இல்லை. பச்சைக்கும் பச்சைக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்தாள். அது அவளுடைய பெரிய குறை, ஒரே செட்டில் இரண்டு கிருஷ்ணனுக்கு இரண்டு நீலம் வருவது. இங்கே இல்லை. "சுத்தமான அச்சு" என்றாள். அவள் வாயில் இந்த வார்த்தையை அதற்கு முன்னால் ஒரே ஒருதரம்தான் கேட்டிருக்கிறேன்.

டப்பாவில் ஒரு காகிதம் இருந்தது. எப்படிச் சேர்ப்பது என்று படம் படமாகப் போட்டு, ஓரத்தில் 1, 2, 3. ஒரு எழுத்துக் கிடையாது. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எண் மட்டும் தெரியும். ரேஷன் கடை முதல் ஓட்டுச் சாவடி வரை காகிதம் என்றாலே யார் கையிலாவது நீட்டி "இன்னா போட்டுகீது?" என்று கேட்பவள், இதை மடியில் விரித்துக்கொண்டாள். பையன் அவசரக்காரன், படம் பார்க்காமல் மாட்டிக்கொண்டே போனான். நாலாவது படத்தில் ஆயா விரலை வைத்தாள்.

"டேய், கைய மாத்திக் கீற. இங்க பாரு, கட்டை விரலு உள்ள பாக்குது."

சரிதான். மாற்றினான். அதற்கப்புறம் அவன் மாட்டுவான், அவள் படம் சொல்லுவாள். தசாவதாரம் விலை கேட்டு வந்த ஒரு அம்மாளை "செத்த இரும்மா" என்று நிற்கவைத்தாள்.

முக்கால்வாசி ஆனபோது ஒரு துண்டைக் காணோம். புளியங்கொட்டை அளவு, கறுப்பு, இரண்டு பெரிய துண்டுகளைச் சேர்க்கிற ஆணி மாதிரி. வைக்கோலுக்குள் விழுந்திருக்கணும். மூன்று பேரும் துழாவினோம். மழை வேறு தூற ஆரம்பித்தது. மாமா தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டே என்னை முறைத்தார். ஆயா சுருக்குப் பையை எடுப்பது போல இடுப்புப் பக்கத்திலிருந்து எம்-சீலை எடுத்தாள்.

"குடு, ஒட்டித் தர்றேன். ஆனை மிதிச்சாலும் வராது."

பையன் பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டு அலறினான். "ஒட்டாதீங்க பெரிய ஆயா! ஒட்டினா கழட்ட முடியாது!"

"கழட்டி இன்னா பண்ணப் போற?"

"மறுபடி மாட்டுவேன்."

ஆயா என்னைப் பார்த்தாள். இருபது வருஷத்துக்கு முன்னால் திருகாணி கழற்றினவன் என்ன சொல்லப்போகிறான் என்று பார்த்த மாதிரி இருந்தது. நான் வைக்கோலைத் துழாவினேன். பையன் விளக்கினான்: ஸ்வாம்ப்ஃபயர் செடி மாதிரி, கை அறுந்தால் மறுபடி ஒட்டிக்கும், புதுசா முளைக்கும், அதனால்தான் அவனை யாராலும் கொல்ல முடியாது, ஆனால் நாற்றம் அடிப்பான். ஆயா கடைசி வரியை மட்டும் மறுத்தாள், தான் மோந்து பார்த்துவிட்டதாக.

துண்டு செட்டியார் மடியில் கிடைத்தது. மளிகைக் கடை செட்டியார் பொம்மை, தொந்திக்கும் தொடைக்கும் நடுவில் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தார். மாட்டியதும் 'க்ளக்'. ஆயா தானும் ஒருதரம் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள், மாட்டினாள். எண்பதை நெருங்கின விரலுக்கு இறுக்கமும் இல்லை, தொளதொளப்பும் இல்லை. எனக்குத் தெரிந்து இந்த மாதிரிப் பொம்மையில் எல்லா விலையும் அந்தக் கவ்வுதலுக்குத்தான் போகிறது. ஒரு மயிரிழை பெரிசானால் ஏறாது, ஒரு மயிரிழை சின்னதானால் நிற்காது. துண்டைத் தோசையால் வகுத்த நான் இதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பிறகு நடைபாதையில் வைத்தாள். நின்றது. தட்டினாள். ஆடி, நின்றது. பக்கவாட்டைத் தடவப் போன கை பாதியில் நின்றுவிட்டது. எங்கே தடவுவாள்? எல்லாமே இணைப்பு.

"இது பொறக்கும்போதே ஒடஞ்சி பொறந்தது" என்றாள். "இத்த எவன் மூளின்னு சொல்லுவான்?" கொஞ்சம் பொறுத்து, "மூஞ்சிதான் நல்லால்ல. கண்ணு தொறக்கத் தெரியாதவன் செஞ்சிகீறான்."

நிறுத்தி வைத்த இடம் தசாவதாரத்துக்குப் பக்கத்தில், கல்கிக்கு அடுத்து. காத்திருந்த அம்மாள் அதையும் சேர்த்துப் பத்தா பதினொண்ணா என்று கேட்டார். ஆயா விலை சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். பையன் பாய்ந்து எடுத்துக்கொண்டான்.

அடுத்த பங்குனியில் அறுபத்து மூவர் உற்சவத்தன்று, தெப்பக்குளத்தோரம் ஒரு தள்ளுவண்டியில் அதே போல ஒன்று கிடைத்தது. பெயர் இல்லாத டப்பா, பத்தில் ஒரு பங்கு விலை. சேர்த்துப் பார்க்கலாமே என்று நான்தான் வாங்கினேன், துண்டுக் கணக்கு புத்தி விடவில்லை. டப்பாவைத் திறந்ததும் வாடை. பச்சையில் மூன்று பச்சை. விளிம்பெல்லாம் பிசிறு, கையைக் கிழித்தது. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. முகத்தை முதலில் பார்க்கிறவர்களுக்கு இன்னும் தெரியாது. தோள் கிண்ணத்தில் உருண்டையை அழுத்தினபோது ஏறவில்லை. இன்னும் அழுத்தினேன். கிண்ணம் வாய் பிளந்தது.

பையன் அழவில்லை. தன்னுடையதன் கையைக் கழற்றி இதற்கு மாட்டப் பார்த்தான், பொருந்தவில்லை, விட்டுவிட்டான். குப்பைக்குப் போட இருந்ததை ஆயா கேட்டாள். கட்டிலில் சாய்ந்தபடி எம்-சீல் பிசைந்தாள். இந்தத் தடவை யாரும் ஒட்டாதே என்று சொல்லவில்லை. கையை மேலே தூக்கினபடி வைத்து, தோள், முழங்கை, இடுப்பு, கால் என்று எல்லா இணைப்பையும் பூசி வழித்தாள். மூன்று பச்சையையும் ஒரே பச்சையாக அடித்தாள். சூளையில்லை, உப்புத்தாள் மட்டும். கடைசியில் மெல்லிசான தூரிகையால் இரண்டு கண் எழுதினாள், அம்மன் பொம்மைக்கு எழுதுகிற நீளக் கண். அந்த வேற்றுக்கிரகத்து ஆசாமி மயிலாப்பூர்க்காரன் ஆகிவிட்டான்.

அந்த நவராத்திரியிலிருந்து அவன் அக்கா வீட்டுக் கொலுவில் இருக்கிறான். படியில் இல்லை, கீழே பார்க்கில், கிரிக்கெட் செட்டுக்கும் பூங்கா பெஞ்சுக்கும் நடுவில். சுண்டல் வாங்க வருகிறவர்கள் ஐயனாரா என்று கேட்பார்கள். அக்கா தலையாட்டி வைப்பாள். அசல் ஸ்வாம்ப்ஃபயர் அதே உருவத்தில் ஒரு மாசம்கூட இருக்கவில்லை. நாலு கையாக, ஒற்றைக் காலாக, நாயாக, ஒருதரம் செல்போன் தாங்கியாக இருந்துவிட்டு இப்போது ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கிறான். எல்லாத் துண்டும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கவில்லை. ஆட்டினால் கலகலக்கும்.

விஜயதசமி ராத்திரி பொம்மைகளைப் படுக்க வைக்கும்போது மரப்பாச்சி படுத்துவிடும், செட்டியாரும் ஒருவழியாகச் சாய்ந்துவிடுவார். ஆயா செய்தவன் மட்டும் படுக்க மாட்டான், தூக்கின கை தரையில் முட்டி உருளும். மறுநாள் பெட்டியில் வைக்கும்போது இரண்டு பொம்மை இடத்தை அடைத்துக்கொள்வான், அவனுக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் முழுசாகச் செலவாகும். "கைய இறக்கி ஒட்டியிருந்தா என்னவாம் ஆயாவுக்கு?" என்று ஒவ்வொரு வருஷமும் அக்கா அலுத்துக்கொண்டே சுற்றுவாள்.